எட்டு ஆண்டு, இரண்டு மாதம், பதின்மூன்று நாள்

லிஃப்ட் மெக்கானிக்கின் மகள், பிறந்த இருபத்து மூன்றாம் நாள், எட்டு வயது நிரம்பியவளாக மூன்றாம் வகுப்பில் சேர்க்கப்பட்டாள். உயரம் நூற்று இருபத்து நான்கு சென்டிமீட்டர், எடை இருபத்து மூன்று கிலோ, முன்பற்கள் இரண்டும் விழுந்து முளைத்தவை. வாய்ப்பாட்டைப் பன்னிரண்டு வரை தடங்கலில்லாமல் ஒப்பித்தாள். யார் சொல்லிக்கொடுத்தது என்று ஆசிரியை கேட்டதற்கு, "தெரியலை மிஸ், நேத்து வந்துச்சு" என்றாள். மாடிப்படி இறங்கும்போது மட்டும் ஒவ்வொரு படியிலும் நின்று யோசித்தாள். நடை பழகியதெல்லாம் ஒரே பிற்பகலில் முடிந்துவிட்டதால் படிகளுக்கு நேரம் கிடைத்திருக்கவில்லை. தலைமையாசிரியர் பிறப்புச் சான்றிதழைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், இரண்டும் பொருந்தின, கையெழுத்துப் போட்டார். அவரைக் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை.

குறை ஆரம்பித்த இடம் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகம். அங்கே முதல் கம்ப்யூட்டர் வந்தது 1986இல். அதற்கென்று ஓர் அறை ஒதுக்கி, கண்ணாடிக் கதவு போட்டு, ஏசி மாட்டி, செருப்பைக் கழற்றிவிட்டு வரவும் என்று பலகையும் தொங்கவிட்டார்கள். வெளியே நாற்பது பேர் வியர்வையில் நனைந்துகொண்டிருக்க, உள்ளே மிஷின் மட்டும் ஜம்மென்று குளிர்காற்று வாங்கியது. லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி அங்கே டைப்பிஸ்டாக இருந்தாள். மிஷின் வந்ததும் அவளுக்கு ஆபரேட்டர் என்று பெயர் மாறியது, வேறொன்றும் மாறவில்லை. ஊர் அவளை அப்படித்தான் கூப்பிட்டது, நாமும் அப்படியே சொல்லலாம். அந்தக் காலத்து மிஷினுக்குள் கடிகாரம் கிடையாது. மாலையில் அணைத்தால் தேதி மறந்துவிடும். காலையில் ஃப்ளாப்பியைச் செருகி எழுப்பினால், கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில், இன்று 1980 ஜனவரி ஒன்று, செவ்வாய்க்கிழமை என்று கூசாமல் சொல்லும். அப்படி இல்லையென்றால் சரியான தேதியைக் கொடு என்று கேட்கும். கொடுக்காமல் வெறுமனே என்டரைத் தட்டினாலும் கோபித்துக்கொள்ளாது. சரி, 1980தான் என்று வேலையை ஆரம்பித்துவிடும். ஆபரேட்டர் ஒரு நாள்கூட அப்படித் தட்டியவள் அல்ல. சுவர்க்காலண்டரைப் பார்த்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து, செய்தித்தாளையும் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் தேதி போடுவாள். காரணம் இருந்தது. மருத்துவமனைச் சீட்டுகள் அன்றன்றைக்கே வந்துவிடும் என்பதால், பிறந்த தேதி என்ற கட்டத்தில் மிஷினின் தேதி தானாகவே வந்து உட்காரும்படி புரோகிராம் எழுதிவைத்திருந்தார்கள்.

1988 மார்ச் பதினான்கு, திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு ஆபரேட்டருக்குப் பெண் குழந்தை பிறந்தது. விடுப்பில் போகும்முன் அவள் எல்லாம் ஒழுங்காகச் செய்துவைத்திருந்தாள். "முதலில் தேதி கேட்கும், கட்டாயம் போடவும்" என்று பெரிய எழுத்தில் எழுதி, மிஷினின் தூசி உறைமேல் கண்ணில் படுமாறு ஒட்டியிருந்தாள். அவள் இடத்துக்கு வந்தவருக்கு அலுவலகத்தில் அவசரம் என்று பெயர். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு அலைகிற மனிதர். வந்தார், உறையை உருவினார், சீட்டு உள்பக்கம் போகும்படி நாலாக மடித்து அலமாரியில் வைத்தார், மிஷின் என்ன கேட்கிறது என்று படிக்காமல் என்டரைத் தட்டினார். அன்று பதிவானவை இரண்டே பிறப்புகள். ஒன்று தையல்காரர் வீட்டுப் பையன், மற்றது ஆபரேட்டரின் பெண். அச்சான சான்றிதழைப் பிளாஸ்டிக் உறை போட்டு, நான்காம் நாள், அவசரமே நேரில் கொண்டுவந்து வாழ்த்திவிட்டுப் போனார்.

சான்றிதழ் வீட்டுக்குள் வந்த நாழிகையிலிருந்து குழந்தை நாளுக்கு ஐந்து மாதம் வளர்ந்தது. ஐந்தாம் நாள் குப்புற விழுந்தது, ஏழாம் நாள் நடந்தது, எட்டாம் நாள் காலையில் சொன்ன முதல் சொல்லும் மாலையில் சொன்ன முதல் பொய்யும் ஆபரேட்டர் துணி துவைத்து வருவதற்குள் முடிந்துபோயின. தையல்காரர் தினமும் காலையில் மகனுக்கு அளவெடுத்து, மதியம் தைத்து, மாலையில் அது பத்தாமல் போவதைப் பார்த்து, கடைசியில் எட்டு வயதுக்கு ஒன்று தைத்து ஆணியில் மாட்டிவிட்டுக் காத்திருந்தார். அவர் பிழைக்கத் தெரிந்தவர். ஆபரேட்டருக்கு அது முடியவில்லை. மார்பில் பால் கட்டி வலி உயிர் போனது. குடிக்க வேண்டியவள் ஜன்னலோரம் உட்கார்ந்து செய்தித்தாளை எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தாள். ஒருமுறை கூச்சத்தை விட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாள். பிள்ளை முகம் சிவந்து, "எனக்கு வேணாம்மா, நான் பெரிய பொண்ணு" என்றது. அக்கம்பக்கத்தார், "உனக்கென்னம்மா, அலுங்காம குலுங்காம ஆளாகி நிக்குது" என்று வாழ்த்தினார்கள். மெக்கானிக்கும் நல்ல மனிதர்தான், ஆனால் வாய் சும்மா இருக்காது. "லிஃப்ட் மாதிரி நேரா எட்டாவது மாடியில இறங்கிட்டா, விடு" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை அவள் கடைசிவரை மன்னிக்கவில்லை.

விடுப்பு முடியக் காத்திராமல் அவள் திருத்த மனுவோடு கண்காணிப்பாளர் முன்னால் போய் நின்றாள். பிறந்த தேதி தவறு, திருத்தித் தர வேண்டும். கண்காணிப்பாளர் பெண்ணை வரச்சொன்னார், ஒரு டாக்டரையும் வரவழைத்தார். டாக்டர் பல்லைப் பார்த்தார், மணிக்கட்டை அமுக்கிப் பார்த்தார், எட்டு வயது இரண்டு மாதம் என்று எழுதிக் கொடுத்தார். "பாரும்மா," என்றார் கண்காணிப்பாளர், "சான்றிதழும் எட்டுங்குது, டாக்டரும் எட்டுங்கறாரு, பிள்ளையும் எட்டாத்தான் நிக்குது. இதுல தப்பு எங்கே இருக்கு, நான் எதைத் திருத்தட்டும்?" ஆபரேட்டர் மருத்துவமனைச் சீட்டை நீட்டினாள். அவர் அதைக் கையில் வாங்கக்கூட இல்லை. "சீட்டு மனுஷன் எழுதறது. மிஷின் பொய் சொல்லாது" என்றார். அவசரம் வீட்டுக்கு வந்து, மன்னிச்சுடுங்க என்று அழுதுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று ஓடினார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததை நியாயமாகச் சொன்னால், தப்பு ஆபரேட்டர் மேல்தான். பெண் நல்ல பெண். சமர்த்து, வாயாடி, அப்பாவின் ஸ்பானர்களை அளவு வாரியாக அடுக்கிவைப்பவள். என் முதல் ஞாபகம் என்று கட்டுரை எழுதச் சொன்னபோது, ஆஸ்பத்திரி டியூப்லைட், அடுத்து நீள்வகுத்தல் என்று இரண்டே வரி எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள். அவளுக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு, தலைவாரல், காய்ச்சலில் கண்விழிப்பு, எதிலும் ஆபரேட்டர் குறை வைக்கவில்லை. ஆனால் ஒன்பது சின்னச் சட்டைகளையும் ஒரு கம்பளித் தொப்பியையும் பீரோவின் மேல்தட்டில் வைத்துக்கொண்டு, மகளைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் பின்னால் வேறு யாரோ வருகிறார்களா என்று பார்ப்பதுபோலவே பார்த்தாள். பெண் சில நேரம் திரும்பிப் பார்ப்பாள். யாரும் இருக்க மாட்டார்கள்.

1994இல் கறுப்புத் திரை போயிற்று. புது மிஷின், வண்ண ஜன்னல்கள், வாலுள்ள மவுஸ். மவுஸ் பிடித்துப் பழக எல்லோரும் ஒரு வாரம் சீட்டு விளையாட வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. கண்காணிப்பாளர் ஓய்வுபெறும்வரை அந்தப் பயிற்சியைக் கைவிடவில்லை. பழைய பதிவுகளை மாற்ற வந்தவர்களிடம் ஆபரேட்டர் போய்க் கெஞ்சினாள். உள்ளதை உள்ளபடி மாற்றுவதுதான் விதி, தப்பு இருந்தால் தப்பும் வரும் என்றார்கள். தப்பு பத்திரமாக வந்து சேர்ந்தது. ஆனால் புதிய திரையில், ஒவ்வொரு பதிவின் கீழும், திருத்து என்று ஒரு பொத்தான் இருந்தது. சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்தது, அழுத்தினால் அழுந்தாது. மேலதிகாரிக்கு மட்டும்தான் கறுப்பாகும் என்றார்கள். மேலதிகாரி தன் திரையிலும் அது சாம்பல்தான் என்றார். ஆபரேட்டர் தினமும் காலையில் மகளின் பதிவைத் திறந்து அதைப் பத்து முறை அழுத்திவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடங்குவாள். மூன்றாம் ஆண்டு பொத்தானின் இடது ஓரம் தேய்ந்து எழுத்து ஒன்று அழிந்தது. சர்வீஸ்காரர் வந்து பார்த்து, திரையில் கோளாறில்லை, அழுத்தி அழுத்தித் தேய்ந்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இரண்டாயிரமாம் ஆண்டு பிறக்கும்போது மிஷின்களெல்லாம் வருஷம் குழம்பிப் படுத்துவிடும் என்று உலகமே வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தது. ஆபரேட்டர் ஒருத்தி மட்டும் அது படுத்துவிட வேண்டுமென்று வேண்டிக்கொண்டிருந்தாள். எல்லாம் கலைந்தால் எல்லாவற்றையும் மறுபடி போட வேண்டிவரும், மறுபடி போட்டால் பதினான்கு மார்ச் என்று தன் கையாலேயே போட்டுவிடலாம். அப்போது மகளுக்குச் சான்றிதழ்ப்படி இருபது. ஜனவரி மூன்றாம் தேதி காலையில் அலுவலகம் திறந்தார்கள், மிஷினைப் போட்டார்கள், ஒன்றும் ஆகவில்லை. கைதட்டி இனிப்பு கொடுத்தார்கள். ஆபரேட்டர் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். ஊரில் அன்று அழுதது அவள் ஒருத்திதான். நான்கு வருஷம் கழித்து மெக்கானிக் காலமானார். முப்பது வருஷம் லிஃப்ட் குழியில் தொங்கியவர், வீட்டுப் படியில் கால் இடறி விழுந்தார்.

2005இல் பதிவேடு இணையத்துக்குப் போயிற்று. அந்தத் தளம் ஒரே ஒரு பிரவுசரில், அதிலும் அதன் ஆறாம் பதிப்பில் மட்டும்தான் திறந்தது. மற்றதில் திறந்தால் வெள்ளைத் தாள். ஆனால் அதில் திருத்து என்ற பொத்தான், கடவுளே, கறுப்பாக இருந்தது. நவம்பர் மாதம் ஒரு புதன்கிழமை ஆபரேட்டர் மருத்துவமனைச் சீட்டை ஸ்கேன் செய்து ஏற்றி, மூன்று பக்கம் நிரப்பி, சமர்ப்பித்தாள். திரையில் மணல்கடிகாரம் ஒன்று வந்து புரளத் தொடங்கியது. மதியம்வரை புரண்டது. மாலைவரை புரண்டது. அணைத்தால் எல்லாம் போய்விடும் என்று சர்வீஸ்காரர் சொன்னதால் அவள் அணைக்கவில்லை. அது எட்டரை வருஷம் புரண்டது.

இதற்குள் உலகத்தில் என்னென்னவோ நடந்தது. அந்தப் பிரவுசரை எல்லோரும் காறித் துப்பினார்கள், செய்தவர்களே இனி தொடமாட்டோம் என்று கைகழுவினார்கள். இயங்குதளம் மூன்று முறை மாறியது, மிஷின்கள் மெலிந்தன, போன்கள் மிஷின்களாயின. அலுவலகத்தின் மூலையில் ஆபரேட்டரின் பழைய பெட்டி மட்டும் இரட்டை யுபிஎஸ்ஸோடு உறுமிக்கொண்டே கிடந்தது. புதுப்பிக்கவா என்று அது தினமும் கேட்கும். பிறகு நினைவூட்டு என்று தினமும் அழுத்துவாள். கூட்டுகிறவர் ஒயரைத் தொட்டுவிடக் கூடாதே என்று அந்த மூலையைத் தானே கூட்டினாள். அவளை வேறு பிரிவுக்கு மாற்றிய ஆணையை மூன்று முறை அழுது ரத்து செய்யவைத்தாள். மணல்கடிகாரத்திலிருந்து மேஜைமேல் மெல்லிய மணல் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து சேர்ந்தது. வெள்ளிக்கிழமைதோறும் அதை ஒரு தாளில் வழித்துக் கொட்டுவார்கள், பூந்தொட்டிக்கு ஆயிற்று.

மகள் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் உதவி மையத்தில் வேலைக்குப் போனாள். மிஷின் மக்கர் பண்ணுகிறது என்று போன் செய்பவர்களுக்கு வழி சொல்கிற வேலை. 2007இல் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டாள். மறுவருஷம் ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தபோது, ஒரு படிவத்துக்காக அம்மாவின் அலுவலகத்துக்கு வந்தவள் மூலையில் புரளும் மணல்கடிகாரத்தையும் அதன் பின்னால் தன் பெயரையும் பார்த்தாள். திருத்தினால் என்ன ஆகும் என்று கேட்டாள். எட்டு வருஷம் குறையும் என்றாள் அம்மா. "எங்கிருந்து குறையும்?" என்றாள் மகள். அது யாருக்கும் தெரியாது. முன்னாலிருந்து குறைத்தால் போன குழந்தைப்பருவம் திரும்பும், பின்னாலிருந்து குறைத்தால் இருக்கிற வருஷங்கள் போகும். ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர் விதிப்படி முன்னாலிருந்துதான் என்றார். சர்வீஸ்காரர் தலையைச் சொறிந்து, "எனக்குத் தெரிஞ்சு மிஷின் கடைசியா சேர்ந்ததைத்தான்க்கா முதல்ல எடுக்கும்" என்றார். மகள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள். "தினமும் எண்பது பேருக்கு மிஷினை ஆஃப் பண்ணுங்கன்னு சொல்றேன்மா. நீ ஒருத்தி எனக்காக ஆஃப் பண்ணு." ஆபரேட்டர் ஒயரை மறைத்துக்கொண்டு நின்றாள். உன் நல்லதுக்குத்தான் என்றாள். "நீ தேடற குழந்தை நான் இல்லை. நான் வந்து இருபது வருஷமாச்சு, நீ இன்னும் என்னை வான்னு கூப்பிடலை" என்று சொல்லிவிட்டு மகள் போனாள். ஒவ்வொரு படியாக நின்று நின்று இறங்கினாள். பிறகு பேசவில்லை. பெண் குழந்தை பிறந்த செய்தி ஆபரேட்டருக்கு அலுவலகத்துக்கு வந்த சீட்டிலிருந்துதான் தெரிந்தது. அதை அவளே பதிவு செய்தாள், தேதியை ஏழு முறை சரிபார்த்து.

2014 ஜூன் பதினேழு, செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று முப்பதுக்கு மணல்கடிகாரம் நின்றது. மனு ஏற்கப்பட்டது, எட்டு ஆண்டு இரண்டு மாதம் பதின்மூன்று நாள் கழிக்கப்படும், தொடரவா, ஆம், இல்லை. கீழே சின்ன எழுத்தில், பத்து நிமிடத்தில் இந்தப் பக்கம் காலாவதியாகும் என்று இருந்தது, வினாடிகள் இறங்கின. ஆபரேட்டர் மகளுக்குப் போன் போட்டாள். மகள் எண்ணைப் பார்த்தாள், ஆறு வருஷமாகச் செய்வதுபோலவே எடுக்காமல் வைத்தாள். அன்று பள்ளி விடுமுறை, மாலை ஷிப்ட், குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். ஆபரேட்டர் நான்கு முறை கூப்பிட்டாள். சர்வீஸ்காரர் சொன்னது அவளுக்கு ஞாபகம் இல்லாமல் இல்லை. ஆனால் கண்காணிப்பாளர் சொன்னது அதைவிட நன்றாக ஞாபகம் இருந்தது. ஒன்பது சட்டைகளும் தொப்பியும் கண்ணில் நின்றன. ஐம்பது வினாடி இருக்கும்போது ஆம் என்று அழுத்தினாள். இதை ஊரில் சிலர் தாய்மை என்கிறார்கள், சிலர் சொல்லக் கூடாத வார்த்தை சொல்கிறார்கள். இரண்டு பக்கமும் உரக்கப் பேசுவதில்லை.

மிஷின் பின்னாலிருந்துதான் கழித்தது. குளியலறையில் நின்றிருந்தவளுக்கு அது 2006 ஏப்ரல் நான்கு. வயது இருபத்தாறு. தெரியாத வீடு, தெரியாத வாளி, கையில் சோப்பு நுரையோடு யாரோ ஒரு ஐந்து வயதுப் பெண். நல்ல மனம் படைத்தவள் என்பதால் பதறவில்லை. கண்ணில் சோப்பு படாமல் கழுவிவிட்டாள், துவட்டினாள், சட்டை போட்டுவிட்டாள், பிறகு குனிந்து, "உங்கம்மா எங்கே போயிருக்காங்க பாப்பா?" என்று கேட்டாள். குழந்தை விளையாட்டென்று நினைத்து, "இதோ இருக்காங்களே" என்று சிரித்தது. அவளும் சிரித்தாள். பக்கத்து வீட்டில் பிள்ளையை ஒப்படைத்து, கொஞ்சம் பார்த்துக்கங்க, அவங்கம்மா வந்துடுவாங்க என்று சொல்லிவிட்டு, பஸ் பிடித்துத் தன் அம்மா வீட்டுக்குப் போனாள்.

மாலையில் ஆபரேட்டர் வீடு திரும்பியபோது மகள் சோபாவில் காலை நீட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். "சாவி அந்த இடத்துல இல்லையேம்மா, பக்கத்து வீட்ல வாங்கினேன். டீ போட்டு வெச்சிருக்கேன், ஆறியிருக்கும்" என்றாள். கோபம் இல்லை, மனத்தாங்கல் இல்லை, சண்டை நடந்ததே அவளுக்குத் தெரியாது. ஆபரேட்டர் அவளைக் கட்டிக்கொண்டாள். வாழ்க்கையில் முதல்முறையாக அவளுக்குப் பின்னால் யாரையும் தேடாமல் கட்டிக்கொண்டாள். "என்னம்மா இன்னைக்கு?" என்று மகளுக்கே வெட்கமாகிவிட்டது. அந்தச் சந்தோஷம் ஒரு மணி பத்து நிமிடம் இருந்தது. பிறகு மருமகன் வந்தார், முகத்தில் ஈயாடவில்லை, இடுப்பில் குழந்தை. குழந்தை இறங்கி ஓடிவந்து மகளின் காலைக் கட்டிக்கொண்டது. அடுத்த வீட்டுப் பிள்ளையைத் தட்டிக்கொடுப்பதுபோல் அதன் முதுகைத் தட்டிக்கொடுத்தாள் மகள். கடைக்காரரிடம், வாங்க, உட்காருங்க, யாரைப் பார்க்கணும் என்றாள். அம்மாவைத் திரும்பிப் பார்த்து, "இந்தப் பாப்பாவைத்தாம்மா காலையில குளிப்பாட்டினேன். யாரும்மா இது?" என்று கேட்டாள்.

ஒன்றரை வருஷம் கழித்து மகள் அதே கடைக்காரரை, கொஞ்சம் யோசித்து, மறுபடி கல்யாணம் செய்துகொண்டாள். அவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டே இருந்தார், பொறுமைசாலி. குழந்தையையும் ஏற்றுக்கொண்டாள். ஒரு வேலையைக் கற்பதுபோல் நோட்டுப் போட்டுக் கற்றுக்கொண்டாள்: கத்தரிக்காய் பிடிக்காது, இருட்டு பயம், இடது காது வலிக்கும். நல்ல தாய் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். சான்றிதழ் இப்போது சரியாக இருக்கிறது: பதினான்கு, மூன்று, எண்பத்தெட்டு. அதன்படி, திருத்திய அன்று அவளுக்கு இருபத்தாறு. மனசுக்குள் இருந்தது பதினெட்டு வருஷம்தான். எட்டு முன்னால் போயிற்று, எட்டு பின்னால் போயிற்று. பழைய பெட்டியை அணைத்துக் குடோனில் போட்டார்கள். ஆபரேட்டர் ஓய்வுபெற்றாள். மகள் வாரம் தவறாமல் அம்மாவைப் பார்க்க வருகிறாள், அவள் கால்களுக்குத் தைலம் தடவிவிடுகிறாள். அந்த எட்டு வருஷத்தில் என்ன நடந்தது என்று கேட்டால், ஒன்றும் பெரிசா இல்லை என்று ஆபரேட்டர் சொல்லிவைத்திருக்கிறாள்.

பேத்திக்கு இப்போது பதினைந்து. அவள் ஆபரேட்டரைப் பாட்டி என்று கூப்பிடுவதில்லை. சென்ற வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா அடுக்களையில் இருந்தபோது, ஆபரேட்டருக்கு எதிரே வந்து உட்கார்ந்து போனைத் திறந்தாள். இப்போதெல்லாம் பதிவேடு எந்தப் பிரவுசரிலும் திறக்கும், போனிலும் திறக்கும், திருத்தம் மூன்று நிமிட வேலை. "அம்மாவுக்குப் பழைய தேதியையே போட்டுட்டா அந்த எட்டு வருஷம் திரும்பி வந்துடும்னு சர்வீஸ்காரர் சொன்னாரு. கழிச்சது எங்கேயும் போகாதாம்" என்றாள். ஆபரேட்டர் தன் போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். "என் முழங்கால்ல இந்தத் தழும்பு எப்படி வந்துச்சுன்னு எங்கம்மாவுக்குத் தெரியாது. அவங்கதான் என்னைத் தூக்கிட்டு ஓடினாங்க. எனக்குத் தெரியும், அவங்களுக்குத் தெரியாது." முதல் மனு போட்டவர் சம்மதம் வேண்டும், சம்மதம் கேட்டு ஓடிபி அவர் போனுக்குத்தான் போகும் என்று விளக்கினாள். பிறகு அனுப்பு என்பதை அழுத்தினாள்.

எட்டு வருஷம் திரும்பினால் அதோடு அந்தச் சண்டையும் திரும்பும் என்பது ஆபரேட்டருக்குத் தெரியும். ஆறு வருஷம் எடுக்காத போனும் திரும்பும், குளியலறையில் நின்ற அந்தச் செவ்வாய்க்கிழமையும் திரும்பும். மடியில் கவிழ்த்து வைத்திருந்த போன் அதிர்ந்தது. இருவருக்கும் கேட்டது.

"வந்துச்சா?" என்றாள் பேத்தி.

"இன்னும் வரலைம்மா" என்றாள் ஆபரேட்டர்.

பேத்தி மூன்று நிமிடம் காத்திருந்தாள். மறுபடி அனுப்பினாள், மறுபடி அதிர்ந்தது, மறுபடி வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமையும் இதேதான். சிக்னல் சரியில்லாத வீடு என்று மகள் சொல்கிறாள், வேறு கம்பெனி இணைப்புக்கு மாற்றிக்கொள்ளச் சொல்கிறாள், மூன்று பேருக்கும் டீ கொண்டுவந்து வைக்கிறாள். அவர்கள் குடிக்கிறார்கள். ஓடிபி இன்றுவரை வரவில்லை.